கணுக்கால் அளவு தண்ணீர்

கீழமருதங்குடி நெல் அருங்காட்சியகத்தின் இரண்டாவது கூடத்தில், சன்னலோரத் தட்டில் வரிசையாக நிற்கும் கண்ணாடி ஜாடிகளில் கடைசி ஜாடி ஆடி மாதத்து விடிகாலை ஒன்றில் முதன்முதலாக இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏ தையலு, தண்ணி வந்துடிச்சா?" என்று கேட்டபோது, தரையைத் துடைத்துக்கொண்டிருந்த தையல்நாயகி கையை நிறுத்தாமலே, "இன்னும் வரலீங்க" என்று சொன்னாள்.

சொல்லி முடித்து, வாளியில் துணியைப் பிழிந்து, நாற்று நடுவதுபோல் குனிந்தபடியே நிற்கும் களிமண் பெண்ணின் முதுகில் இருந்த தூசியைத் துடைத்து, ஆள் இல்லாமல் ஏர் இழுக்கும் சாந்து மாடுகளின் கொம்புகளைத் துடைத்து, நான்காவது கூடம் வரைக்கும் போன பிறகுதான், தன் புருஷன் சிங்காரவேலு செத்து ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகிறது என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. அப்போதும் அவள் திரும்பி ஓடவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் விடிந்ததும் விடியாததுமாய்க் கேட்ட கேள்விதான் அது. பாயில் படுத்தபடி அவர் கேட்பார், வாசல் தெளித்துவிட்டு வாய்க்கால் வரைக்கும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்து வந்து அவள் பதில் சொல்வாள். அணையிலிருந்து கிளம்பும் தண்ணீர் மேட்டு ஊர்களையெல்லாம் நனைத்துவிட்டு, மிச்சம் இருந்தால் கடைசியில் வந்து சேரும் ஊர் கீழமருதங்குடி. அந்த மிச்சத்துக்காகக் காத்திருப்பதுதான் ஆண்களுக்கு அங்கே பாதி விவசாயம்.

போன ஆவணியிலும் அப்படித்தான் காத்திருந்தார். அணை திறந்துவிட்டார்கள் என்று பேருந்தில் வந்த யாரோ சொன்னதை நம்பி விதைநெல்லை ஊறப்போட்டு, கோணிச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடிவைத்துவிட்டு, மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்தார். அங்கேயே, வாய்க்காலைப் பார்த்த முகத்தோடு, நெஞ்சு நின்றுபோய் உட்கார்ந்திருந்தார். பின்னால் வந்தவர்கள் அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வெகுநேரம் பேச்சுக்கொடுத்தார்களாம்.

வாய்க்கரிசி போடும் நேரத்தில்தான் அந்தத் தவறு நடந்தது. சொந்தக்காரப் பெண்கள் அவரவர் வீட்டிலிருந்து பச்சரிசி கொண்டுவந்திருந்தார்கள். வீட்டு அரிசியை எடுத்துவர உள்ளே ஓடிய நாத்தனார் பவுனம்மாள், அண்ணனைப் பறிகொடுத்த அழுகையில், அரிசிப் பானைக்குள் விடவேண்டிய கையைச் சாக்குக்குள் விட்டு, முறம் நிறைய அள்ளிக்கொண்டு வந்தாள். தையல்நாயகி கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. அரிசியின் வழுவழுப்பு இல்லை. உமியின் சொரசொரப்பும், ஈரமும், ஊசிமுனைபோல் எட்டிப்பார்த்த வெள்ளை முளைகளும் உள்ளங்கையில் குத்தின. நிறுத்தியிருக்கலாம். ஆனால் அத்தனை பேர் நடுவில் பவுனம்மாளைத் தலைகுனிய வைக்க மனசு வரவில்லை, போட்டதை வாயிலிருந்து எடுக்கவும் கூடாது. முதல் கை போட்டவள் இரண்டாவது கையும் மூன்றாவது கையும் போட்டு முடித்தாள். அரிசி முளைக்காது, அதனால்தான் செத்தவர்களுக்கு அரிசி. சிங்காரவேலு விதைநெல்லை வாயில் வைத்துக்கொண்டு மண்ணுக்குள் போனார்.

ஐப்பசியில் அவரைப் புதைத்த மேட்டில் நெல் முளைத்தது. மழை ஏமாற்றிய வருஷம், சுடுகாட்டில் எருக்குகூட வாடி நின்ற வருஷம், அந்த ஒற்றைக் குத்து மட்டும் கரும்பச்சையாகத் தூர் கட்டி, பூத்து, தையில் கதிர் முற்றித் தலைசாய்ந்தது. ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகிப்போயின. ஊர் கூடி அதைப் பற்றிப் பேசியது. முறத்தில் வந்தது நெல் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. முளைத்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை, அறுக்கலாமா கூடாதா என்பதுதான் பேச்சு. சுடுகாட்டு விளைச்சல் தீட்டு என்றார்கள் சிலர். விளைந்ததை அறுக்காமல் விட்டால் அது அதைவிடப் பெரிய பாவம் என்றார்கள் சிலர். பவுனம்மாள்தான் கடைசியில் அரிவாளை எடுத்தாள்.

"எங்கண்ணன் வெளஞ்சிருக்கான். ஊரே வயலத் தரிசாப் போட்டுட்டு உக்காந்திருக்கு, அவன் செத்தும் வெளஞ்சிருக்கான். அறுக்காம விடுவனா?"

"மொறத்த மாத்தி எடுத்துட்டு வந்தவளுக்கு வாயப் பாரு" என்றார் மேலத்தெரு வைரக்கண்ணு.

"நா மாத்தி எடுக்கல மாமா. கைதான் எடுத்திச்சு."

கருப்பு உமியும் நீண்ட மீசையுமாக இரண்டு கை கொள்ளும் நெல் தேறியது. அப்படியொரு நெல்லை ஊரில் யாரும் பார்த்ததில்லை, அவர் ஊறப்போட்டதும் அந்த நெல் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளத் தையல்நாயகிக்குப் பயமாக இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஊர்க்களத்தை வளைத்துக் கட்டிய அருங்காட்சியகம் திறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. களம் சும்மாதானே கிடக்கிறது, அடிக்க நெல்லா இருக்கிறது என்று ஊரும் கையெழுத்துப் போட்டுக்கொடுத்திருந்தது. காப்பாளர் கோமதிநாயகம் தெற்கத்திக்காரர், கல்யாணம் ஆகாதவர், கூடத்தில் யாரும் இல்லாதபோது ஜாடிகளுக்குக் கேட்காதபடி மெதுவாக நடப்பவர். அவர் அந்த நெல்லை வாங்கி ஜாடியில் போட்டு, அழகான கையெழுத்தில் அட்டை எழுதி ஒட்டினார். பெயர்: சிங்காரவேலு. இடம்: கீழமருதங்குடி சுடுகாடு. தண்ணீர்த் தேவை: இல்லை. துடைக்கப் பெருக்க ஆள் வேண்டும் என்று தையல்நாயகியையும் அவர்தான் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

ஜாடி பேசத் தொடங்கிய செய்தி அன்று மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியது. ஆச்சரியப்பட்டவர்களைவிட, "அதானே, ஆடி பொறந்தும் அவர் எப்படிச் சும்மா இருப்பார்" என்றவர்கள்தான் அதிகம். பேருந்து நடத்துநர்கள் அந்த நிறுத்தத்துக்கு "சிங்காரவேலுல்லாம் எறங்கு" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார்கள். மறுவீடு வந்த மாப்பிள்ளை பெண்ணை அழைத்துவந்து ஜாடி முன்னால் நிறுத்தினார்கள். டீக்கடையில் உட்கார்ந்து தண்ணீர் வருமா வராதா என்று பேசுகிறவர்கள் இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்து, மின்விசிறிக்குக் கீழே நின்று, அதையே ஜாடியோடு பேசினார்கள். ஒருநாள் வைரக்கண்ணு வந்தார். வாய்க்காலைத் தன் வயலுக்கு மறித்துக்கொண்டதற்காகச் சிங்காரவேலுவோடு பல வருஷம் மண்வெட்டி தூக்கிச் சண்டை போட்டவர் அவர். ஜாடி முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார்.

"மச்சான், இந்த வருசம் நா மறிக்கல" என்றார். பிறகு, "மறிக்க ஒண்ணும் இல்ல" என்றார்.

"தண்ணி வந்துடிச்சா?" என்றது ஜாடி.

வைரக்கண்ணு வெளியே போய், வேப்பமரத்தடியில் வெகுநேரம் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்த நாளில்தான் அது எப்பேர்ப்பட்ட கேள்வி என்பது தெரிந்தது. ஜாடி வழக்கம்போலக் கேட்க, ஒரு பொடியன், "வந்துடிச்சு தாத்தா!" என்று கத்தினான். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். ஜாடி, யாரும் அதுவரை கேட்டிராத ஒரு சந்தோஷத்தோடு, "எவ்வளவு? கணுக்கால் அளவா, மொழங்கால் அளவா?" என்று கேட்டது.

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தண்ணீரை அப்படி அளப்பது அவர்களுக்குத் தெரியாது. "மொழங்கால்!" என்று ஒருத்தி குத்துமதிப்பாகச் சொன்னாள். ஜாடிக்குள் நெல் குலுங்கியது. கண்ணாடி உள்பக்கமாக வேர்த்தது. படுத்திருந்தவர் பதறி எழுந்து வேட்டியைத் தேடுவதுபோல நெல்மணிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, சிலது உமியைக் கீறி வெள்ளை முளையை வெளியே நீட்டின. நனைய எதுவும் இல்லாமல் அந்த முளைகள் மாலைக்குள் கருகின. அதற்குப் பிறகு பல நாள் ஜாடி இருமிக்கொண்டே இருந்தது. வறண்ட, மண் உதிர்வது போன்ற இருமல். கேட்டவர்கள் எல்லாம் தங்கள் தொண்டையைத் தடவிக்கொண்டார்கள். காப்பாளர் புதிதாக ஒரு பலகை எழுதி மாட்டினார்: ஜாடியிடம் யாரும் பொய் சொல்ல வேண்டாம்.

ஆனால் உண்மையும் அதற்கு மருந்தாக இல்லை. ஆவணி முடிந்தது, புரட்டாசி பிறந்தது, வாய்க்காலில் நெருஞ்சி பூத்தது. ஜாடி முன்பு விடியலிலும் யாராவது எதிரே வந்து நின்றபோதும்தான் கேட்டது, இப்போது ஆளில்லாத மதியத்திலும் கேட்டது, கதவைப் பூட்டும்போதும் கேட்டது. ஒவ்வொரு தடவையும் தையல்நாயகி, "இன்னும் வரலீங்க" என்றாள். அந்த ஒரு பதிலைக் கேட்டு அவர் மறுபடி எழுந்து உட்கார்ந்து காத்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. உயிரோடு இருந்தபோதாவது ராத்திரி கொஞ்சம் தூங்கினார். ஜாடிக்குள் அதுவும் இல்லை.

தலைநகரத்திலிருந்து விதை அதிகாரிகள் வந்தது அப்போதுதான். தண்ணீர் இல்லாமல் விளைந்த நெல் என்று கேள்விப்பட்டு வந்திருந்தார்கள். ஜாடி கேட்ட கேள்விக்குத் தலையாட்டிவிட்டு, நெல்லைத்தான் பார்த்தார்கள். கருகியது போக மிச்சம் இருப்பதை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டுபோய், விதைத்து, பெருக்கி, கடைசி ஊர்களுக்கெல்லாம் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள். அவர்களில் பெரியவர் நல்ல மனுஷர், கூடியிருந்த ஊர்க்காரர்களைப் பார்த்துச் சிரித்தபடிதான் சொன்னார்.

"இந்த நெல்லு மட்டும் பரவிட்டா, அப்புறம் நீங்க யாரும் தண்ணி கேட்டு ரோட்டுல உக்கார வேண்டியதில்லை. எங்களுக்கும் தண்ணி விட வேண்டிய தொந்தரவு இல்லை."

ஊர் கைதட்டியது. முதலில் தட்டியது பவுனம்மாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் பேச்சு நிற்கவில்லை.

"மொதப் புடி வெத நமக்குத்தான் அண்ணி. எங்கண்ணன் நெல்லு, நமக்கு இல்லாம யாருக்கு? எந்தரிசுல மொத மொத வெதச்சுப் பாத்துடணும். பொண்ணுக்கு மாப்பிள எடம் தெகைய மாட்டேங்குதே, வெளஞ்ச நெலம்னா தெகையும். நீ ஏன் உம்முனு வர?"

தையல்நாயகி கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு குத்துக்கு எத்தனை கதிர், ஒரு கதிருக்கு எத்தனை மணி. ஒரு வேலி நிலத்தில் தொடங்கினால் ஊர், ஊரைத் தாண்டினால் அடுத்த ஊர், கடல் வரைக்கும் இருக்கிற தரிசெல்லாம் அவர் முளைத்து நிற்பார். விடிந்ததும் விடியாததுமாய் அத்தனை மணியும் ஒரே குரலில் கேட்கும். தண்ணீர் விடவேண்டிய அவசியமே இல்லை என்று ஆனபிறகும் கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொல்ல அவளுக்கு இருப்பது ஒரே வாய்.

"அவருக்கு நா இன்னும் அரிசி போடல பவுனு" என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல. நட."

வியாழக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. மதியத்துக்கு மேல் தையல்நாயகி சாவி வாங்கிக்கொண்டு உள்ளே போய், கடைசி ஜாடியை முந்தானையால் அணைத்து எடுத்துக்கொண்டு நான்காவது கூடத்துக்கு வந்தாள். அங்கே கயிறு கட்டித் தடுத்த மேடையில் ஒரு கல் உரலும் பூண் கட்டிய உலக்கையும் இருந்தன, பக்கத்தில் 'தொடாதீர்கள்' என்று பலகை இருந்தது. தினமும் அவள் தொட்டுத் துடைப்பதுதான். ஈரத்துணியால் உரல் குழியை ஒருமுறை துடைத்து, முந்தானையால் உலர்த்தி, ஜாடியைக் கவிழ்த்தாள்.

"தையலு, தண்ணி வந்துடிச்சா?" என்றது நெல், உரலுக்குள்ளிருந்து, கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல.

அவள் உலக்கையைத் தூக்கினாள். சத்தம் கேட்டு, பின்பக்க அறையில் குடியிருந்த கோமதிநாயகம் ஈரத்தலையோடு ஓடிவந்தார்.

"என்னம்மா பண்ணுதிய? நாளைக்கு அவங்க வாராங்கல்லா?"

"வாய்க்கரிசி குத்துறேன் சார்."

அவர் உரலைப் பார்த்தார், காலியான ஜாடியைப் பார்த்தார், தன் கையெழுத்தில் இருந்த அட்டையைப் பார்த்தார். "இது ஒண்ணுதாம்மா இருந்துச்சு. உலகத்துலேயே இது ஒண்ணுதான்" என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆமா சார். எனக்கும் ஒண்ணுதான் இருந்திச்சு."

அவர் 'தொடாதீர்கள்' பலகையைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

உலக்கை விழும்போதெல்லாம் கேள்வி பாதியில் உடைந்தது. தண்ணி, என்றது. வந்து, என்றது. அவள் குத்தினாள், கொழித்தாள், உமியை ஊதினாள், மறுபடி குத்தினாள். கை வலித்தபோது மாற்றுக்கையால் குத்தினாள். நிழல் சாந்து மாடுகளைத் தாண்டிச் சுவரில் ஏறிய நேரத்தில், உமி கழன்றும் கழலாமலும் கிடந்த கடைசி மணிகள் எல்லாச் சக்தியையும் சேர்த்துக்கொண்டு, முழுசாக, தெளிவாகக் கேட்டன.

"ஏ தையலு. தண்ணி வந்துடிச்சா?"

உலக்கையை ஊன்றிக்கொண்டு அவள் குனிந்தாள். வாழ்நாளெல்லாம் சொன்ன பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கினாள்.

"வராதுங்க" என்றாள். "இனிமே வராது. நீங்க எழுந்திரிக்க வேணாம். படுங்க."

உரலுக்குள் நெல் சரிந்து படுத்தது.

"அப்ப சரி" என்றது.

கடைசிக் குத்தில் உமி பறந்து அவள் தலைமுடியில் ஒட்டியது. உரலில் இருந்தது வெறும் அரிசி, சிவப்பாக, வாயில்லாததாக.

அந்த ஊரில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. அவள் வெயில் இருக்கும்போதே, எல்லோரும் பார்க்க, தெரு நடுவில் நடந்து போனாள். மேட்டில் தலைமாட்டுப் பக்கம் விரலால் குழி பறித்து அரிசியைப் போட்டாள். மூன்று கை போடும் அளவுக்கு இல்லை, மூன்று முறை கிள்ளிப் போடத்தான் இருந்தது. மண்ணைத் தள்ளி மூடி, உள்ளங்கையால் தட்டிக்கொடுத்தாள். எதுவும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த அதிகாரிகள் உமியை ஒரு பையில் போட்டுக்கொண்டு போனார்கள். அடுத்த மாதமே கோமதிநாயகத்தைப் பழைய காசுகள் மட்டும் இருக்கும் ஏதோ ஒரு கட்டிடத்துக்கு மாற்றினார்கள். போகும்போது அவர் ஜாடியை மட்டும் அதே இடத்தில் வைத்து, அட்டையைக் கிழிக்காமல் விட்டுப்போனார். ஊர் தையல்நாயகியை ஒன்றும் சொல்லவில்லை, பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டது. பவுனம்மாள் ஒருத்திதான் வாசலில் வந்து நின்று கத்தினாள்.

"ஊரே நிமிந்திருக்கும்டி! எம்பொண்ணு கரையேறியிருப்பா! ஒனக்கு ஒம்புருசன் தூங்கணும், அம்புட்டுதான், இல்ல?"

"ஆமா" என்றாள் தையல்நாயகி.

திரும்பிப் போன பவுனம்மாள் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

மார்கழியில், விதைக்கவும் நடவும் காலம் கடந்து, வயலெல்லாம் வெடித்துக் காய்ந்து, யாரும் எதற்கும் காத்திருக்காத ஒரு காலை, தையல்நாயகி களிமண் பெண்ணின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வெளியே தெருவில் யாரோ ஓடிவருகிற சத்தம் கேட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றது பவுனம்மாள். சண்டை போட்டதையெல்லாம் மறந்துபோயிருந்தாள்.

"அண்ணி! வந்துடிச்சு! வாய்க்கால்ல வந்துடிச்சு!"

எங்கோ மலையில் பெய்த மழைக்கு அணை தாங்காமல் திறந்துவிட்ட தண்ணீர். தையல்நாயகி துணியை வாளியில் போட்டுவிட்டு வாய்க்காலுக்குப் போனாள். நுரையும் பிளாஸ்டிக் பாட்டில்களும் செத்த கோழி ஒன்றும் முன்னால் வர, பின்னால் கலங்கிய பழுப்புத் தண்ணீர், வெட்கப்படுவதுபோல மெதுவாக வந்துகொண்டிருந்தது. ஊர் கரையில் நின்று பார்த்தது. வைரக்கண்ணு மண்வெட்டியைத் தோளில் வைத்திருந்தார், எதை மறிப்பது என்று தெரியாமல். அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதகடியில் இறங்கி நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்தாள். பிறகு ஏறி, யாரையும் பார்க்காமல் வந்த வழியே நடந்தாள்.

துடைத்து வைத்த தரையெல்லாம் அவள் ஈரக்கால் தடம் விழுந்தது. சன்னலோரம் போய்க் காலி ஜாடியின் மூடியைத் திருகித் திறந்து, வாயை அதன் விளிம்பில் வைத்தாள்.

"வந்துடிச்சுங்க" என்றாள். "கணுக்கால் அளவு."

காத்திருந்தாள். அவள் மூச்சு உள்ளே பட்டுக் கண்ணாடி மங்கியது, தெளிந்தது. வேறொன்றும் நடக்கவில்லை. மூடியை இறுக்கித் திருகி, அட்டை வெளியே தெரியும்படி வைத்துவிட்டு, தன் கால் தடங்களைத் துடைக்கக் குனிந்தாள்.

பொங்கலுக்கு முன்பே வாய்க்கால் மறுபடி காய்ந்துபோனது. அருங்காட்சியகம் இன்னும் இருக்கிறது. தூரத்திலிருந்து வருகிறவர்கள் கடைசி ஜாடி ஏன் காலியாக இருக்கிறது என்று குனிந்து பார்த்து, காதை வைத்தால், உள்ளே ஒரு பெண்குரல், பதிலுக்கு எந்தக் கேள்வியும் இல்லாமல், வந்துடிச்சுங்க, கணுக்கால் அளவு, வந்துடிச்சுங்க, கணுக்கால் அளவு என்று சொல்லிக்கொண்டே இருப்பது கேட்கும். உள்ளூர்க்காரர்கள் அந்த ஜாடிக்குக் காது கொடுப்பதில்லை. நெல் இல்லாத வயல்களின் வரப்பில் நடந்து போகும்போதுகூட, அந்தக் கட்டிடத்தின் பக்கம் வந்ததும், ஏதாவது பேசிக்கொண்டே வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.